பதினாலாம் நம்பர் மலை

…கந்த என்றுதான் சொன்னேன், வேறு என்னத்தைச் சொல்ல, மலை என்றால் சிங்களத்தில் கந்ததானே, பாலர் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும், அன்று விடியப் புறத்தில் எங்கே போனீர்கள் என்று சேர் கேட்கச் சொன்னார், மாயாண்டி அண்ணன் "மலைக்குப் போனேன் மிஸ்" என்றார், நான் "கந்தட்ட கியாலு" என்று சேரிடம் திருப்பிக் கொடுத்தேன், மலைக்குப் போனாராம், அவ்வளவுதான், அதற்குச் சேரின் பேனை ஏன் அப்படி நிற்க வேண்டும்... "கந்தட்ட?" என்று ஒருதரம் என்னைப் பார்த்துக் கேட்டார், நான் தலையாட்டினேன், பிறகு குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார். திலகசிறி சேர் எழுதுகிற வேகத்துக்கு ஒரு தேத்தண்ணி குடித்துக் கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம், ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிச் சுற்றி உருட்டுவார், இன்றைக்கு இன்னும் மெதுவாக உருட்டுகிறார், மனிதருக்குச் சந்தோஷம் போல, ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது வாய்க்குள் வந்து விழுந்துவிட்டது என்ற மாதிரி. மாயாண்டி அண்ணன் கதிரையின் நுனியில் இருக்கிறார், முழுதாகச் சாய்ந்து உட்காருங்கள் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சேர் எழுதி முடித்ததும் நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அவர் கையெழுத்து வைக்க வேண்டும், பிறகு வீட்டுக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போக முடியாது.

எனக்கு இந்தக் காட்டு அலுவலகத்தில் மொழி உதவியாளர் என்று பெயர். வாப்பா கடைக்கு வருகிறவர்களிடம் 'எங்கட ரினோஸா காட்டுக் கந்தோரில பெரிய வேலையில இருக்கா' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், காட்டுக்குள் நான் போனதே ஒரு தரம்தான் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் கந்தோர் காவல் பார்க்கிற மேற்காடு மற்றக் காடுகள் மாதிரி இல்லை, டிக்கட் எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்து, சோற்றுப் பார்சலை அவிழ்த்து, பொலித்தீனை எறிந்துவிட்டு வருகிற காடு இல்லை, ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் போகலாம், அவர்களும் அனுமதிக் கடிதம் எடுத்து எங்கள் ஆள் ஒருவரோடுதான். நான் போன அன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிற அந்தக் கெம்பஸ் மெடம் கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே எல்லோரையும் நிறுத்தி, சப்பாத்து அடியைப் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னார், வெளி விதை ஒன்றுகூட உள்ளே போகக்கூடாதாம், நான் தோடம்பழம் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பப் போனேன், கையை நீட்டி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் பிடித்திருந்தது. கந்தப்பளையில் எங்கே திரும்பினாலும் ஆள், லீக்ஸ் பாத்தி, கரட் பாத்தி, தேயிலை, அதற்குள் தோட்டத்து ஆட்களின் லயம், அதற்கு மேல் கோயில், பள்ளிவாசல், புத்தரின் பன்சல, ஆள் கால் படாத இடம் என்று எங்கள் பக்கத்தில் இது ஒன்றுதான் மிச்சம், இது இப்படியே இருக்கட்டும் என்று மனதாரத் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது, அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

கோபம் யார்மேல் என்று கேட்டால்... அந்தக் கண்ணிக் கம்பியை வைத்தவன்மேல். போன மாதம் காட்டுக்குள்ளேயே, வேலியைத் தாண்டி மேலே, ஒரு பெண் சிறுத்தைப்புலி கண்ணிக் கம்பியில் இடுப்பு மாட்டிச் செத்துக் கிடந்தது. ஜீப்பில் கொண்டுவந்து முற்றத்தில் தார்ப்பாயில் கிடத்தினார்கள், நான் பார்க்கமாட்டேன் என்று உள்ளே போனேன், பிறகு பார்த்தேன், பார்த்துவிட்டு பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன், பன்றிக்கு வைத்த கம்பிதான், புலிக்கு யாரும் வைப்பதில்லை, ஆனாலும் மாட்டியது அதுதான். சேர் அன்று சோற்றைத் திறந்தார், மூடினார். கெம்பஸ் மெடம் அதற்கு ஒரு இலக்கம் கொடுத்து இரண்டு வருடமாகக் காட்டில் கட்டின கமராக்களில் அதன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், போனில் கேட்டுவிட்டு அழுதார். அதற்குப் பிறகுதான் கமராக்களின் படங்களை எல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்கள், மான், பன்றி, மான், காற்றில் ஆடின இலை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு திடீரென்று ஒரு மனிதன். அந்தப் படம்தான் இப்போது மேசையில் கிடக்கிறது, விடியப் புறத்தில் எடுபட்டது, கறுப்பு வெள்ளை, கையில் வளைந்த கத்தி, மற்றக் கையில் வளையமாகச் சுற்றின ஏதோ ஒன்று, காலடியில் சின்னதாக நெருப்பு. சேர் அந்த வளையத்தின்மேல் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். கம்பி என்கிறார். எனக்கும் கம்பியாகத்தான் தெரிந்தது.

முகம் தெளிவில்லை, ஆனால் தோட்டத்தில் காட்டினவுடன் 'அட நம்ம மாயாண்டி' என்று சொல்லிவிட்டார்கள், ஒளித்து வைக்கிற பழக்கம் எங்கே இருக்கிறது அந்த ஆட்களுக்கு. அவரும் கூப்பிட்டவுடன் வந்துவிட்டார், மனைவி ராக்காயி வெளியே வாங்குப் பலகையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார், என்னைக் கண்டதும் எழும்பி நின்றார், 'மொதலாளி மகதானே' என்றார், ஓம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன், நின்று கதைத்தால் சேர் என்ன நினைப்பார் என்று... ராக்காயியை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். சனிக்கிழமைகளில் கடைக்கு வருவார், நான் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன், வாப்பா தலையை நிமிர்த்தாமலே கேட்பார், "என்ன ராக்காயி, இண்டைக்கு மலை இல்லையா?" ராக்காயி சொல்வார், அரை நாள்தான் மொதலாளி, பகலோட மலைய விட்டு வந்துட்டோம்... மலையை விட்டு வந்துட்டோம்... மலை... ஐயோ. மலை இல்லையா. மலைக்குப் போகல்லையா. எந்த மலையில கொழுந்து. என்ட ரப்பே, அது கந்த இல்லையே, கந்தயே இல்லை, அவர்கள் மலை என்றால் தேயிலை மலை, வேலைக்குப் போகிற இடம், கொழுந்து பறிக்கிற இடம், சமதரையில் தேயிலை இருந்தாலும் அது அவர்களுக்கு மலைதான். மலைக்குப் போனேன் என்றால் வேலைக்குப் போனேன் என்று அர்த்தம். மனிதர் வேலைக்குப் போனேன் என்று சொல்லியிருக்கிறார், நான் அவரைப் பிடித்துக் காட்டுக்குள் ஏற்றி விட்டிருக்கிறேன்!

எழுதிக்கொண்டிருக்கிறார். சேர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரமா, இல்லை, அதைச் சுற்றி வேறு வசனமும் போடுகிறார் போல, சந்தேகநபர் தானாகவே ஒப்புக்கொண்டார் என்று போடுவார், அப்படித்தான் போடுவார். இருபத்தைந்து வருடமாக அந்தச் சொல்லைக் காதால் கேட்டு வளர்ந்தவள் நான், வாப்பா வாயிலிருந்தே கேட்டவள், எப்படிப் பிழைத்தது? பள்ளிக்கூடத் தமிழில் மலை வேறு, அது சரி, ஆனால் அவர் முன்னால் இருந்து அவர்கள் தமிழில்தானே சொன்னார். உண்மையைச் சொன்னால் நான் அவர் சொன்னதைக் கேட்கவே இல்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியும் வளையமும் கண்ணில் நின்றது, தார்ப்பாயில் கிடந்த புலி நின்றது, இவர்தான் என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டேன், அதற்குப் பிறகு அவர் எதைச் சொல்லியிருந்தாலும் எனக்கு அது கந்தயாகத்தான் விளங்கியிருக்கும். சீ. மொழி உதவியாளராம்.

இப்போது சொல்ல வேண்டும், எழுதி முடிக்க முன்னர் சொல்ல வேண்டும். சொன்னால் சேர் என்ன சொல்வார்? தமிழ் ஆள் தமிழ் ஆளைக் காப்பாற்றுகிறாள் என்பார், இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை, ஆனால் பக்கத்து மேசையில் இருக்கிறவர்கள் சொல்வார்கள், தோட்டத்து ஆட்கள் என்னை எந்தக் காலத்தில் தங்கள் ஆளாக எண்ணினார்கள், அவர்களுக்கு நான் கடைக்கார மொதலாளி மகள், இவர்களுக்குத் தமிழ் பேசினால் போதும், நானும் தெமள, தமிழ் ஆள், நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிப்பதுதான் மிச்சம். என் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. நீடிப்பதா இல்லையா என்று எழுதப்போவதும் இதே சேர், இதே பேனை. சொல்லாமல் விட்டால்? வாசித்துக் காட்டும்போது தமிழில் மறுபடி மலை என்றுதான் வாசிப்பேன், அவர் ஆமாம் என்று கையெழுத்து வைப்பார், பிழை ஒருவருக்கும் தெரியாது, அதுதான் பயமாக இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு நீதவான் சிங்களத்தில் வாசிப்பார், அங்கே கந்த என்று இருக்கும். கம்பி வைத்தவன் என்று போட்டுவிட்டால் இவருக்குப் பிணை கிடைக்குமோ என்னவோ. ராக்காயி வாங்கிலிருந்து எழும்பி நின்றது வேறு ஞாபகம் வருகிறது, நான் நின்று ஒரு வார்த்தை கதைத்திருக்கலாம்.

சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை, சேர், ஒரு சொல் பிழைத்துவிட்டது, பிழை என்னுடையது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன், ஒரு மாதிரிக் கீச்சுக் குரலில் வந்தது. சேர் பேனையை வைத்தார். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிலம், கந்த இல்லை, வேலைக்குப் போனேன் என்றுதான் இவர் சொன்னார் என்று விளங்கப்படுத்தினேன். அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணைக் கசக்கி, அந்த வரியின்மேல் நேராக ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் வைத்து, சரி, அப்படியென்றால் எந்தத் தேயிலை நிலம் என்று கேள் என்றார், அவ்வளவுதான், இதற்கா நான் இவ்வளவு பயந்தேன். மனதுக்குள் ஒரு பெரிய சுமை இறங்கியது, சந்தோஷமாகத் திரும்பி, அண்ணே, எந்த மலைக்குப் போனீங்க, நம்பரச் சொல்லுங்க என்று கேட்டேன், இனி மனிதர் ஒரு நம்பரைச் சொல்லுவார், கங்காணியைக் கேட்டு உறுதிப்படுத்தினால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு.

பதினாலாம் நம்பர் என்றார். சொன்னேன். சேர் சுவரில் தொங்குகிற தோட்டத்து வரைபடத்துக்கு முன்னால் போய் நின்று விரலால் தேடினார், பதின்மூன்று இருந்தது, பதினைந்து இருந்தது, பதினாலு இல்லை. எங்கே என்று கேள் என்றார். மாயாண்டி அண்ணன் எழும்பவில்லை, ஜன்னலைப் பார்த்துக் கையை நீட்டினார், மேலே, மூடுபனிக்கு மேலே, வேலிக்கும் மேலே. "அந்தக் கம்பிக்கு அங்கிட்டு மிஸ். தோட்டத்துல கைவிட்டு, பெறகு காட்டோட சேத்துட்டாங்கள்ல, அந்த மலைதான். எங்க கவ்வாத்து சாமி கல்லு அங்கதான இருக்கு." கைவிட்ட தேயிலை, ஆமாம், நான் போன அன்று பார்த்தேனே, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகி நின்றது, பூத்துக்கூட இருந்தது, கெம்பஸ் மெடம் அதைக் காட்டி, தேயிலைக்குள் காடு எப்படித் திரும்பி வருகிறது என்று படிப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு அது ஆராய்ச்சி நிலம், சேருக்கு அது காட்டு ஒதுக்கம், இவருக்கு அது இன்னும் பதினாலாம் நம்பர். நான் முதலில் சொன்ன கந்தவும் பிழை, இப்போது திருத்திச் சொன்ன தேயிலை நிலமும் பிழை, இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. அந்த இடத்துக்குச் சரியான சிங்களச் சொல் எது என்று கேட்டால் என்னிடம் இல்லை, தமிழிலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மிச்சத்தை அவரே சொன்னார், நான் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுத்தேன். கவ்வாத்து தொடங்க முதல், தேயிலையை வெட்டிவிடுகிற கத்திகளை எல்லாம் அந்தக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் எடுப்பார்களாம், போன தரம் வேலி வந்துவிட்டதே என்று ரோட்டோரத்தில் ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டார்களாம், அந்தத் தரம் சோலைமலை என்கிறவருக்குக் கத்தி காலில் இறங்கி எலும்பு தெரிந்ததாம், அதனால் இந்தத் தரம் மற்றவர்கள் பயப்பட்டாலும் தான் தனியாகப் போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வந்தாராம். சேர் படத்தைத் தூக்கி அந்த வட்டத்தைக் காட்டினார், இது கம்பிதானே. மாயாண்டி அண்ணன் படத்தைக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார், கந்தோருக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு, மாலைங்க மிஸ் அது, செவ்வந்தி மாலை, ராக்காயி கட்டிக் குடுத்தது என்றார். கறுப்பு வெள்ளையில் மாலையும் கம்பியும் ஒன்றுதான் போல. சேர் கணினியைத் திறந்து அதே கமராவின் மற்றப் படங்களைத் தேடினார், நானும் பின்னால் நின்று பார்த்தேன், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எடுபட்ட பகல் படம் ஒன்றில் ஒரு மான் நின்றது, அதன் காலுக்குப் பக்கத்தில் கல், கல்லின்மேல் மஞ்சளாக அந்த வளையம், மான் அதிலிருந்து பூவைத் தின்றுகொண்டிருந்தது. சேர் படத்தைப் பெரிதாக்கி அந்த மஞ்சள் வளையத்தைப் பார்த்தார். பிறகு, கம்பி வைத்தவன் வேறு ஆள் என்றார், குரலில் ஒரு களைப்பு இருந்தது, இனி மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும் இல்லையா.

ஆனால் உள்ளே போனது போனதுதான். நெருப்பும் வைத்திருக்கிறார். சேர் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெதுவாக, எனக்கு விளங்கட்டும் என்கிற மாதிரிச் சொன்னார், இது கடுமையான சட்டம், ஒருவருக்கு விட்டால் ஊருக்கே விட வேண்டி வரும், ஆனால் அது தடை செய்யப்பட்ட இடம் என்று இவருக்குத் தெரியாமல் இருந்தால் எச்சரித்து அனுப்ப எனக்கு வழி இருக்கிறது, தெரிந்துகொண்டு போனார் என்றால் வழக்கு, கேள். நல்ல மனிதர் சேர். கதவைத் திறந்து வைத்துவிட்டு வா என்கிறார், காலெடுத்து வைத்தால் போதும். நானும் கேள்வியை அதற்கேற்ற மாதிரித்தான் கேட்டேன், நுனியைச் சீவி, பதிலையும் அதற்குள்ளேயே வைத்து. "அண்ணே, அந்த எடத்துக்குப் போகக்கூடாதெண்டு ஒங்களுக்குத் தெரியாதுதானே?"

யோசித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். யோசிக்கவே இல்லை. "தெரியும் மிஸ். போகக்கூடாதுன்னு நிக்கிற அந்த போர்டுக்குக் குழி வெட்டுனதே நாந்தான்." வேலி போட ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் தோட்டத்தில் ஆள் கூட்டிக்கொண்டு போனாராம், சிமெந்து குழைத்து, போர்டை நிறுத்தி, மட்டம் பார்த்ததெல்லாம் இவர்தானாம், சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த போர்டு... அதன் தமிழைச் சரி பார்த்தது நான், கடும் இயற்கை ஒதுக்கம் என்று எழுதிக் கொடுத்தேன், ஒதுக்கமென்றால் ஒதுங்குகிற இடமா, அதையும் கடுமையாகவா செய்ய வேண்டும் என்று தோட்டத்துப் பொடியன்கள் சிரித்தார்களாம், என் கூடப்பிறந்த நிப்ராஸ் நானா வீட்டில் சாப்பாட்டு மேசையில் சொல்லி என்னைச் சாகடித்தார். நான் எழுதினேன், இவர் நட்டார், இப்போது இரண்டு பேரும் அதற்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

என்ன சொல்கிறார் என்றார் சேர். பேனை தயாராக நிற்கிறது. "தன்னே நே சேர்" என்றேன். தெரியாதாம். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது, இல்லை, பொய், நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன், முதல் பிழைக்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சொல்லால் ஏற்றிவிட்டவரை இன்னொரு சொல்லால் இறக்கிவிடுகிறேன், அல்லாஹ் மன்னிப்பான், சேரே அதைத்தான் விரும்பினார், வெளியே ராக்காயி இருக்கிறார், ஒருவருக்கும் நட்டமில்லை... சேர் எழுதக் குனிந்தார்.

"தன்னவா மாத்தயா." மாயாண்டி அண்ணன்தான். நேராகச் சேரைப் பார்த்து, சிங்களத்தில், தெரியும் ஐயா என்று. பிறகு இன்னும் ஒரு வசனம், போர்டை நட்டவன் நான்தான் என்று, அதுவும் சிங்களத்தில், அரைகுறை எல்லாம் இல்லை, சந்தையில் மரக்கறி வாங்குகிற அளவுக்கு, கொந்தராத்துக்காரரோடு வேலை செய்கிற அளவுக்கு, போதுமான சிங்களம். என் பக்கம் திரும்பவில்லை. சேர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து எழுதினார், இந்த விடையைச் சந்தேகநபர் மொழிபெயர்ப்பில்லாமல் தானே சிங்களத்தில் சொன்னார் என்று எழுதினதை எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக நான் வாசித்தேன். காது இரண்டும் கொதித்தது. வழக்கு வரும், தண்டம் வரும், என் ஒப்பந்தம் என்ன ஆகுமோ, அதெல்லாம் பிறகு. எனக்கு விளங்காதது வேறொன்று. அவருக்குச் சிங்களம் விளங்குகிறது. அப்படியென்றால் கந்தட்ட கியாலு என்று நான் சொன்னபோதும் விளங்கியிருக்கிறது. அது பிழை என்றும், அந்தப் பிழை தன்னைக் கொண்டுபோய் உள்ளே வைக்கும் என்றும் தெரிந்துகொண்டு, அந்தக் கதிரை நுனியில் சும்மா இருந்திருக்கிறார். அவருக்காக நான் சொன்ன பொய்யை ஒரு நொடி விடவில்லை. அவரைக் கெடுக்கிற பிழையை ஏன் விட்டார்? சேருக்கு முன்னால் ஹலீம் மொதலாளி மகள் நான் வெட்கப்படக்கூடாது என்றா, அல்லது பிழையே இல்லை, எங்கள் மலை இப்போது உங்கள் கந்ததானே என்று எப்போதோ விட்டுவிட்டாரா? ஒரு கை தூரத்தில்தான் இருக்கிறார், தமிழில் கேட்டால் சேருக்கு விளங்காது, கேட்கலாம். "வாசிச்சுக் காட்டுங்க மிஸ்" என்றார் மாயாண்டி அண்ணன்.